அடுப்பில்லாத விடுதிகளும் அரச வீட்டுச் சமையலறைகளும்

அடிலெயிட்டின் வடபகுதியில் உள்ள முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பாளராக வேலை செய்வதாகவும், உங்கள் பொறுப்பில் உள்ள மூன்று முதியவர்களின் பேச்சு உங்களைக் குழப்புவதாகவும் எழுதியிருந்தீர்கள். லத்வியாவில் பிறந்த அம்மையார் செம்மறி இறைச்சி வைத்த தட்டைத் தொடவே மாட்டார். மீந்த பாணைத் துவாலையில் சுற்றி அலுமாரிக்குள் வைத்துவிடுகிறார். இத்தாலியரான ஐயா "கேம்ப்" என்ற சொல் காதில் விழுந்தாலே சினக்கிறார். இங்கிலாந்திலிருந்து வந்த அம்மையாரோ தகரக் குடிலில் வாழ்ந்த நாட்களைச் சிரித்துச் சிரித்துச் சொல்கிறார். மூவரும் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் அரசாங்கத்தின் குடியேறிகள் விடுதிகளில் தங்கியவர்கள்தாமே, ஒரே அனுபவம் எப்படி இவ்வளவு வேறுபட்ட நினைவுகளாக மாறியது என்பது உங்கள் கேள்வி.

அது ஒரே அனுபவம் அன்று. "விடுதி" என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு ஒப்பந்தங்கள், மூன்று வெவ்வேறு காலங்கள், அதைவிட முக்கியமாக வெவ்வேறு வயதுகள் அடங்கியிருக்கின்றன. ஆனால் மூவருக்கும் பொதுவான ஒன்றும் உண்டு: அந்த விடுதிகளில் யாருக்கும் சொந்த அடுப்பு இருக்கவில்லை. அங்கே வாழ்ந்தவர்களின் வாய்மொழி நினைவுகளை நெடுங்காலமாகக் கேட்டும் வாசித்தும் வருபவன் என்ற வகையில், குளிரையும் தகரத்தையும் சொன்னவர்களைவிடச் சாப்பாட்டைச் சொன்னவர்களே எனக்கு மிகுதி. உங்கள் லத்விய அம்மையாரின் தட்டிலிருந்தே தொடங்குவது அதனால் பொருந்தும்.

1945 ஜூலையில் அவுஸ்திரேலியா தனக்கென ஒரு குடிவரவுத் திணைக்களத்தை அமைத்தது. அதன் முதல் அமைச்சரான ஆர்தர் கால்வெல், மக்கள்தொகையைப் பெருக்காவிட்டால் நாடு பிழைக்காது என்ற வாதத்தை ஊர் ஊராகச் சொன்னார். ஜப்பானியப் படை நியூகினிவரை வந்துவிட்டுப் போன அச்சம் அப்போது ஆறியிருக்கவில்லை. அவர் விரும்பியது பிரித்தானியர்களை. ஆனால் கப்பல்கள் போதவில்லை. அதே நேரத்தில் ஜெர்மனியிலும் ஒஸ்திரியாவிலும் இருந்த முகாம்களில், சோவியத் ஆட்சிக்குள் திரும்ப மறுத்த லட்சக்கணக்கான மக்கள் காத்திருந்தனர். 1947 ஜூலையில் அனைத்துலக அகதிகள் அமைப்போடு கால்வெல் உடன்படிக்கை செய்தார். அந்த ஆண்டு நவம்பர் இறுதியில் பிரிமாண்டில் துறைமுகத்தை அடைந்த 'ஜெனரல் ஸ்டூவர்ட் ஹெயின்ற்ஸல்மன்' என்ற கப்பலில் எஸ்தோனியா, லத்வியா, லித்துவேனியா ஆகிய நாடுகளைச் சேர்ந்த 800-க்கும் மேற்பட்ட இளைஞர்களும் இளம்பெண்களும் வந்தனர். வெள்ளையர் மட்டுமே குடியேறலாம் என்ற வெள்ளை அவுஸ்திரேலியக் கொள்கையில் ஊறியிருந்த மக்கள் முகம் சுளிக்கக்கூடாது என்பதற்காகவே இளமையும் வெளிர்நிறமும் உள்ளவர்கள் முதலில் பொறுக்கி எடுக்கப்பட்டார்கள். அடுத்த சில ஆண்டுகளில் இவ்வாறு இடம்பெயர்ந்தோர் என்ற பெயரில் வந்தவர்கள் ஏறக்குறைய 170,000 பேர்.

அவர்களில் பெரும்பகுதியினருக்கு இந்த நாட்டின் முதல் வாசல் போன்கில்லா. விக்டோரியா மாநிலத்தின் வட எல்லையில், ஹியூம் ஏரியின் கரையருகே, அல்பரி, வொடொங்கா ஆகிய இரட்டை ஊர்களுக்குச் சற்றுத் தள்ளி இருந்த இராணுவ முகாம் அது. 1947 முதல் 1971 வரை 300,000-க்கும் மேற்பட்டோர் அதன் வழியாகச் சென்றனர். உள்ளே 24 தொகுதிகள்; ஒவ்வொன்றிலும் மரச்சட்டத்தில் தகரம் அறைந்த நீண்ட குடில்கள், பொதுக் குளியலறைகள், ஒரு சமையற்கூடம், ஒரு உணவுக்கூடம். படைவீரர்களுக்காகக் கட்டப்பட்டவை என்பதால் சுவர்களுக்கு உட்பூச்சோ கூரைக்கு உள்தட்டியோ இருக்கவில்லை. கோடையில் அடுப்பாகவும் குளிர்காலத்தில் பனிப்பெட்டியாகவும் அவை மாறின. போரில் ஒரு முகாமிலிருந்து மற்றொன்றுக்கு மாறி மாறி வந்தவர்கள், பதினாறாயிரம் கிலோமீற்றர் கடல் கடந்து இறங்கிய இடத்திலும் வரிசைக் குடில்களையும் ஒலிபெருக்கியையும் தகரத் தட்டையும் கண்டபோது என்ன எண்ணியிருப்பார்கள் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

அங்கே அவர்களுக்குப் போடப்பட்ட உணவு, அவுஸ்திரேலியர்களின் அளவுகோலில் தாராளமானது. இதைக் குடிவரவு அதிகாரிகள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அது பொய்யும் அன்று. இறைச்சி மூன்று வேளையும் இருந்தது. நம்மவர்கள் "மட்டன்" என்றால் வெள்ளாட்டுக் கறியை நினைப்போம். அங்கே அது வயது முதிர்ந்த செம்மறியின் இறைச்சி. கொழுப்பின் நெடி உணவுக்கூடத்துக்கு வெளியிலேயே மூக்கைத் துளைக்கும். இராணுவச் சமையற்காரர்களின் முறையில் பெரிய கிடாரங்களில் அவித்து, மாவுக் குழம்பு ஊற்றி, நிறம் போகும்வரை வேகவைத்த முட்டைக்கோவாவோடு அகப்பையால் தட்டில் இடுவார்கள். ரை என்ற தானியத்தின் மாவில் சுட்ட கறுப்புப் பாணும் புளிப்பேறிய பாலும் பழகிய பால்ட்டிக் மக்களுக்கும், பூண்டும் எண்ணெயும் இல்லாமல் சமையலே இல்லை என்று வளர்ந்த தெற்கு ஐரோப்பியர்களுக்கும் அது ஊட்டமாக இருந்திருக்கலாம், உணவாக இருக்கவில்லை. அறைகளில் சமைப்பது தடை. ஆனாலும் கட்டிலுக்கு அடியில் மண்ணெண்ணெய் அடுப்பையும், பின்னாளில் சிறிய மின் அடுப்பையும் மறைத்து வைத்திருந்த தாய்மார் ஏராளம். ஒரு குடிலில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் அடுப்பைப் போட்டால் மின்காப்பு உருகி முழுவரிசையும் இருளில் மூழ்கும்; காவலர் வருவதற்குள் சட்டியை எங்கே மறைப்பது என்பது அந்த விடுதிகளில் வாழ்ந்த எல்லா நாட்டவரும் சொல்லும் கதை.

பாணை மறைத்து வைக்கும் பழக்கத்துக்கு விடுதியை மட்டும் காரணம் சொல்லிவிட முடியாது. போர்க்காலப் பட்டினியைக் கண்ட பிள்ளைகளிடம் அது உலகெங்கும் உண்டு. ஆனால் போன்கில்லாவின் வரலாற்றிலேயே ஒரு கறுப்புப் பக்கம் இருக்கிறது: 1949-இல் அங்கு புதிதாக வந்து சேர்ந்த 13 குழந்தைகள் ஊட்டக்குறைவால் இறந்தனர், அதன்பின் அரசாங்க விசாரணை நடந்தது. கப்பலிலேயே நோயுற்ற கைக்குழந்தைகளைப் பார்க்க முகாம் மருத்துவமனை ஆயத்தமாக இருக்கவில்லை. உங்கள் அம்மையார் அந்த ஆண்டை ஒட்டி வந்தவராக இருந்தால், அந்தப் பயம் அவருடைய தாயிடமிருந்து அவருக்கு வந்திருக்கக்கூடும்.

குடும்பங்களின் பிரிவையும் இங்கே சொல்ல வேண்டும். இடம்பெயர்ந்தோர் இரண்டு ஆண்டுகள் அரசாங்கம் காட்டும் இடத்தில், காட்டும் வேலையைச் செய்வதாக ஒப்பமிட்டே வந்தார்கள். மருத்துவராக இருந்தாலும் வழக்கறிஞராக இருந்தாலும், ஆண் என்றால் படிவத்தில் "கூலித் தொழிலாளி", பெண் என்றால் "வீட்டுப் பணியாளர்". தந்தை இரும்பு ஆலைக்கோ ரயில் பாதைக்கோ கரும்புத் தோட்டத்துக்கோ அனுப்பப்படுவார். அங்கே அவருக்குத் தொழிலாளர் விடுதியில் ஒரு கட்டில் கிடைக்கும். தாயும் பிள்ளைகளும் பல நூறு கிலோமீற்றர் தள்ளி, கவ்ரா, பார்க்ஸ், யூரன்குவின்ரி போன்ற உள்நாட்டுச் சிற்றூர்களில் இருந்த குடும்ப முகாம்களில் காத்திருப்பார்கள். தந்தையை மாதத்தில் ஒருநாள் ரயிலில் வந்துபோகும் விருந்தாளியாக அறிந்த பிள்ளைகள் ஒரு தலைமுறையே உண்டு. மேசையைச் சுற்றிக் குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுவது அவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் வாய்க்கவில்லை. வாய்த்தாலும் அது நூறு பேர் உட்காரும் பலகையின் ஒரு மூலையில்தான்.

இத்தாலியரின் கோபம் வேறு வகை. இத்தாலியோடு அவுஸ்திரேலியா 1951-இல் உதவிக் குடியேற்ற உடன்படிக்கை செய்தது. அதன்படி வந்த இளைஞர்கள் அகதிகள் அல்லர். வேலை இருக்கிறது என்று வாக்களிக்கப்பட்டு வந்தவர்கள். 1952-இல் பொருளாதாரம் சரிந்தபோது போன்கில்லாவில் ஆயிரக்கணக்கான இத்தாலியர்கள் வேலையின்றி மாதக்கணக்கில் அடைபட்டனர். அவர்கள் திரண்டு எதிர்ப்புக் காட்டியபோது அரசாங்கம் அருகிலிருந்த படைப்பிரிவை அழைத்தது. 1961 ஜூலையில் மறுபடி அதே கதை: கடன் நெருக்கடி, வேலையின்மை, ஜெர்மானியரும் இத்தாலியரும் அடங்கிய இளைஞர் கூட்டம், உடைபட்ட வேலைவாய்ப்பு அலுவலகம், பொலிசாருடன் மோதல். உங்கள் ஐயாவுக்கு இன்று எண்பத்தைந்து வயதை ஒட்டி இருக்குமானால், 1961-இல் அவர் இருபதைத் தாண்டிய இளைஞர். வேலை செய்து வீட்டுக்குப் பணம் அனுப்ப வந்தவனை மூன்று வேளை சோறு போட்டு உட்கார வைத்தால் அவனுக்கு அது விருந்தோம்பலாகத் தோன்றாது. சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் கட்டணம் உண்டு என்பதையும், வேலை கிடைத்ததும் அது சம்பளத்திலிருந்து கழியும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். "அரசாங்கம் சும்மா வைத்துச் சோறு போட்டதே" என்று அவரிடம் யாராவது சொல்லியிருந்தால் அவர் சினந்தது முறைதான்.

இனி ஆங்கிலேய அம்மையார். பிரித்தானியக் குடியேறிகளுக்கு 1947 முதல் ஒரு பெரியவருக்குப் பயணக் கட்டணம் 10 பவுண். பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. இரண்டு ஆண்டுகள் தங்க வேண்டும். அதற்குள் திரும்பினால் முழுக் கட்டணத்தையும் கட்ட வேண்டும். ஆனால் எந்த வேலையும் அவர்கள்மீது திணிக்கப்படவில்லை, குடும்பங்கள் பிரிக்கப்படவுமில்லை. அவர்களுடைய விடுதிகள் பெரும்பாலும் நகர விளிம்பில், தொழிற்சாலைகளுக்குப் பக்கத்தில் இருந்தன. அடிலெயிட்டில் பின்ஸ்பரி, பின்னர் பெனிங்ரன் என்று பெயர் மாறியது, சிட்னியில் வில்லவூட், மெல்பேர்ணில் மரிபர்னோங். அங்கே நின்றவை நிசென் குடில்கள். முதலாம் உலகப்போரின்போது பிரித்தானியப் படைப் பொறியாளர் பீற்றர் நிசென் வடிவமைத்த, நெளிதகரத்தை அரைவட்டமாக வளைத்துத் தரையில் கவிழ்த்தது போன்ற கட்டடம் அது. பீப்பாவை நெடுக்கே பிளந்து குப்புறப் போட்டால் எப்படியிருக்குமோ அப்படி. நடுவே மெல்லிய தட்டிகளை வைத்து இரண்டு மூன்று குடும்பங்களுக்குப் பங்கிட்டார்கள். அடுத்த வீட்டுக்காரர் இருமினால் இந்த வீட்டுக் குழந்தை விழிக்கும். வளைந்த சுவரில் அலுமாரியைச் சாய்க்க முடியாது, படமும் மாட்ட முடியாது.

இவர்கள் முணுமுணுக்காமல் இருந்தார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். விடுதிகளை நடத்த அரசாங்கம் அமைத்த கொமன்வெல்த் ஹொஸ்டல்ஸ் நிறுவனம் 1952-இல் கட்டணத்தை உயர்த்தியபோது, உயர்த்திய தொகையைக் கட்ட மறுத்துப் போராடியவர்கள் இந்தப் பிரித்தானியர்கள்தான். வழக்குகளும் வெளியேற்றும் கட்டளைகளும் வந்தன. நாட்டின் மொழி தெரிந்தவர்கள், வந்த உடனேயே வாக்குரிமைக்கு அருகில் இருந்தவர்கள், தொழிற்சங்கம் நடத்திப் பழகியவர்கள். ஆகவே அவர்களுடைய குறைகள் செய்தித்தாள்களில் இடம்பிடித்தன. "குறைசொல்லும் ஆங்கிலேயர்" என்ற கேலிப்பெயரும் அங்கிருந்தே வலுப்பெற்றது. லத்வியர்கள் அதைவிடக் கடுமையான நிலையில் வாய்திறக்கவில்லை என்பது அவர்களின் நிறைவைக் காட்டவில்லை. ஒப்பந்தத்தின் பிடியைத்தான் காட்டுகிறது.

அப்படியானால் அம்மையார் ஏன் சிரிக்கிறார்? அவருடைய வயதைக் கணக்கிடுங்கள். இந்தக் கணக்கைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். 1955-இல் கைக்குழந்தையோடு வந்த இருபத்தெட்டு வயதுத் தாய் இன்று இல்லை. இன்று பேசுகிறவர்கள் அன்றைய பிள்ளைகளும் பதின்ம வயதினரும் மட்டுமே. பிள்ளைகளுக்கு அந்த விடுதி ஒரு பெரிய திருவிழா: வெளியே வந்தால் நூறு கூட்டாளிகள், ஓடி விளையாட வெட்டவெளி, தாய் அழைத்தால் மட்டும் ஓடிப்போகும் வீடு. வில்லவூட் விடுதியிலும் அதைச் சுற்றியும் இருந்த ஆங்கிலேய, ஸ்கொட்லாந்து, ஒல்லாந்து இளைஞர்கள் ஐவர் 1964-இல் சேர்ந்து அமைத்த ஈசிபீற்ஸ் இசைக்குழு, ஓரிரு ஆண்டுகளுக்குள் உலகப் புகழ் பெற்றது. அதில் இருந்த ஜோர்ஜ் யங்கின் தம்பிமார் இருவரும் பின்னாளில் ஏசி/டிசி குழுவை அமைத்தார்கள். முன்னாள் பிரதமர் ஜூலியா கிலார்ட் 1966-இல் வேல்ஸிலிருந்து வந்தபோது அவருடைய குடும்பம் முதலில் தங்கியதும் உங்கள் ஊரின் பெனிங்ரன் விடுதியில்தான். பதினாறு வயதில் ஒருவருக்கு நண்பர்களைத் தந்த அதே இடம், முப்பத்தாறு வயதில் இன்னொருவரிடமிருந்து சமையலறையைப் பறித்த இடம். நினைவு விழாக்களில் இன்று மகிழ்ச்சி மேலோங்கி ஒலிக்கிறது என்றால், கசந்தவர்கள் முந்திப் போய்விட்டார்கள் என்பதும் அதற்கு ஒரு காரணம் என்பேன்.

இரண்டாவது காரணம், விடுதியை விட்டு எந்த வாசலால் வெளியேறினார் என்பது. அடிலெயிட்டின் வடபகுதி என்று நீங்கள் எழுதியதும் எனக்கு எலிசபெத் நகரம்தான் நினைவுக்கு வந்தது. குறைந்த வாடகைக்கு அரச வீடுகளைக் கட்டித் தந்த தென் அவுஸ்திரேலிய வீடமைப்பு நிறுவனம், எல்லோரும் "ட்ரஸ்ட்" என்றே சொல்வது, 1936-இல் தொடங்கப்பட்டது. ஏழைகள்மீது கொண்ட இரக்கம் மட்டும் அதற்குக் காரணமன்று. வீட்டு வாடகை குறைவாக இருந்தால் கூலியையும் குறைவாக வைக்கலாம், கூலி குறைந்தால் கிழக்கு மாநிலங்களிலிருந்து தொழிற்சாலைகள் வரும் என்ற கணக்கு அது. 1938 முதல் 1965 வரை முதல்வராக இருந்த தோமஸ் பிளேபோர்ட் அந்தக் கணக்கை ஒரு முழு நகரமாகவே கட்டிக் காட்டினார். கோதுமை வயல்களின் நடுவே 1955 நவம்பரில் எலிசபெத் திறந்துவைக்கப்பட்டது. ட்ரஸ்ட் வீடுகளைக் கட்டியது; ஹோல்டன் கார்த் தொழிற்சாலை வேலையைக் கொடுத்தது; விடுதிகள் மக்களைக் கொடுத்தன. தெருக்களில் ஆங்கிலேய, ஸ்கொட்லாந்துப் பேச்சு ஒலித்த அந்த நகரில்தான் கிளாஸ்கோவிலிருந்து சிறுவனாக வந்த பாடகர் ஜிம்மி பார்ன்ஸ் வளர்ந்தார். அவருடைய இளமை நினைவுகளில் குடியும் அடியும் வறுமையும்தான் நிறைந்திருக்கின்றன என்பதையும் மறைக்கக் கூடாது.

அந்த ட்ரஸ்ட் வீடுகளை நீங்கள் தினமும் கடந்து போகிறீர்கள். ஒரே கூரையின் கீழ் நடுச்சுவரால் பிரிக்கப்பட்ட இரட்டை வீடுகள், முன்னால் புல் நிலம், பின்னால் துணி காயப்போடும் சுழல்கம்பி. கட்டடக்கலையில் சொல்லத்தக்க அழகு ஒன்றும் இல்லை. முதலில் குடிபோனவர்கள் தார் போடாத தெருக்களின் புழுதியையும், கோடைக்காற்றில் கதவிடுக்கால் வந்த மண்ணையும் சொல்வார்கள். ஆனால் அவற்றில் ஒவ்வொன்றிலும் ஒரு சமையலறை இருந்தது. அதற்கு ஒரு கதவு இருந்தது. ஓராண்டோ இரண்டாண்டோ மணியடித்தால் தட்டேந்தி வரிசையில் நின்ற ஒரு பெண், தன் அடுப்பில் தான் விரும்பிய நேரத்தில் ஒரு கேத்தல் தண்ணீர் வைத்த நாளை எப்படி நினைவுகூர்வாள்? அந்த வீட்டைப் பெற்ற குடும்பத்தின் மகள், விடுதியைச் சிரிப்போடு சொல்ல முடிகிறது. அவளுக்கு அது முடிவு நல்லதாக அமைந்த கதை.

ஐரோப்பாவின் பிற நாடுகளிலிருந்து வந்தவர்களில் பலர் அரச வீட்டின் பக்கமே போகவில்லை. இத்தாலியரும் கிரேக்கரும் வாடகை என்ற சொல்லையே ஐயத்தோடு பார்த்தவர்கள். மூன்று குடும்பங்கள் சேர்ந்து நகரத்துக்குள் ஒரு பழைய வீட்டை வாங்கி, அறைக்கொரு குடும்பமாக வாழ்ந்து கடனை அடைப்பார்கள். அல்லது வெளிப்புறத்தில் காணி வாங்கி, முதலில் பின்பக்கத்தில் ஒரு கொட்டகையைப் போட்டு அதில் குடியிருந்துகொண்டே, ஞாயிறுதோறும் முன்வீட்டை எழுப்புவார்கள். மெல்பேர்ணில் இதற்கு ஒரு கசப்பான முடிவும் சில இடங்களில் நேர்ந்தது. கார்ல்ரன், பிற்ஸ்ரோய் போன்ற பகுதிகளில் குடியேறிகள் இப்படி வாங்கித் திருத்திய வீடுகளை விக்டோரிய வீடமைப்பு ஆணையம் 1960-களில் சேரி என்று வகைப்படுத்தி இடித்தது. ஹோம்ஸ்கிளென் என்ற இடத்தில் இருந்த தன் தொழிற்சாலையில் வார்த்த கொங்கிரீட் பலகைகளைக் கொண்டு அங்கே இருபது மாடிக் கோபுரங்களை எழுப்பியது. வந்தவரின் சொந்த வீட்டை இடித்து, அடுத்து வருபவருக்கு வாடகை வீடு கட்டிய கதை அது. அந்தக் கோபுரங்களில் எஞ்சியிருக்கும் 44-ஐயும் 2051-க்குள் இடித்துப் புதிதாகக் கட்டப்போவதாக 2023 செப்டெம்பரில் மாநில அரசு அறிவித்தது. இன்று அவற்றில் வாழ்வோரில் வியட்நாமியர்களும் கிழக்கு ஆபிரிக்கர்களும் நிறைய; இடிப்பை எதிர்க்கும் குரல்களும் அவர்களிடமிருந்து வருகின்றன.

நம்மவர்களுக்கு இதில் என்ன தொடர்பு என்றும் ஒரு வரியில் கேட்டிருந்தீர்கள். இந்த விடுதிகள் நிரம்பி வழிந்த ஆண்டுகளில் இலங்கைத் தமிழருக்கோ இந்தியத் தமிழருக்கோ அவற்றின் கதவு திறக்கவில்லை. 1973-இல் விட்லம் அரசு நிறப்பாகுபாட்டை நீக்கும்வரை நிறமே கடவுச்சீட்டு. அதன்பின் விடுதிகளுக்கு வந்தவர்கள் வியட்நாமியர்கள். சிட்னியின் கப்ரமற்றா வியட்நாமிய நகரமானதற்கு அருகில் இருந்த விடுதிகளே காரணம். வில்லவூட்டில் ஒரு பகுதி 1976 முதல் தடுப்பு முகாமாக மாறியது. 2009-க்குப் பின் படகில் வந்த நம் மக்கள் பலர் அறிந்த வில்லவூட் அதுதான். ஒரு விந்தையையும் சொல்கிறேன்: அதன் பக்கத்தில் குடும்பங்களுக்கென்று அமைத்த தடுப்பு வீடுகளில் அடுப்பு இருந்தது, தாய்மார் தாமே சமைக்கலாம். வெளியே போகத்தான் முடியாது. அறுபது ஆண்டுகளுக்கு முன் அதே நிலத்தில் இருந்த ஆங்கிலேயத் தாய் விரும்பியபோது வாசலைத் தாண்டலாம், ஒரு முட்டையைத்தான் பொரிக்க முடியாது.

முதியோர் இல்லத்துக்கே திரும்புவோம். உணவு வண்டி, மணி அடித்ததும் உணவுக்கூடம், பொதுக் குளியலறை, இரவுக் காவல் விளக்கு: நீங்கள் வேலை செய்யும் இடமும் அந்த முதியவர்களுக்குப் பழைய இடத்தை நினைவூட்டுவதில் வியப்பில்லை. மறதி நோய் சேர்ந்துகொண்டால் எது இன்று, எது அன்று என்பதே கலங்கும். ஆகவே "கேம்ப் எப்படியிருந்தது" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். எந்த ஆண்டு, எந்தக் கப்பல், எத்தனையாம் தொகுதி, தந்தையை எங்கே அனுப்பினார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். இத்தாலியர் ஐயாவிடம் முகாமை விட்டுவிட்டு, அவர் முதலில் வாங்கிய காணியைப் பற்றிக் கேளுங்கள். லத்விய அம்மையாரின் அலுமாரியில் இருக்கும் பாணை உடனே எடுத்து எறியாமல், அவர் பார்க்கும்படி புதிய துண்டை வைத்துவிட்டுப் பழையதை மாற்றுங்கள். இல்லத்தில் சமையல் வகுப்பு நடக்கும் அறையோ சிறு மின் அடுப்போ இருந்தால், பொறுப்பாளரிடம் அனுமதி பெற்று, ஒரு பிற்பகல் அவரை அதன்முன் அமர்த்தி, ரை மாவை அவருடைய கைக்கே கொடுத்துப் பாருங்கள்.